மூலை தைக்காத போர்வை

ஓசூர்
நவம்பர் 22, சனிக்கிழமை இரவு

அன்புள்ள ஜெனிட்டா அக்காவுக்கு,

உன் தங்கை ப்ரீதா எழுதுவது. நீ நலமா? உடம்பு நன்றாக இருக்கிறதா? உறவினருக்குக் கடிதம் எழுதும் பாடத்தைத் தமிழ் மிஸ் போன வாரம்தான் நடத்தினார். முதலில் அவர்கள் நலத்தைக் கேட்க வேண்டும், பிறகு நம் நலத்தைச் சொல்ல வேண்டும் என்றார். உன்னைக் கேட்டுவிட்டேன். என்னைப் பற்றி எழுத வந்தால், பயமாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. அதை எந்த இடத்தில் எழுத வேண்டும் என்று மிஸ் சொல்லவில்லை. அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

அப்பாவுக்கு இந்த வாரம் மூன்றாவது ஷிப்ட். காலையில்தான் வருவார். அம்மா தூங்கிவிட்டாள். நான் போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு ரஃப் நோட்டில் எழுதுகிறேன். அம்மா புரண்டு படுக்கும்போதெல்லாம் டார்ச்சை அணைத்துவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

உனக்கு ஏழாம் மாதம் என்று எதிர்வீட்டு சுமலதா அக்கா சொன்னார். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றபோது என் காதருகே குனிந்து, “ஏ பாப்பா, உங்க அக்கா முழுகாம இருக்கா, ஏழாம் மாசம். நீ சித்தி ஆகப்போற. மூஞ்சிய அப்படி வச்சிக்காத, பாக்கறவங்கோ நான் உன்ன அடிச்சிட்டேன்னு நெனப்பாங்கோ” என்றார். எனக்குக் குடம் நிரம்பி வழிந்ததுகூடத் தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள்.

செல்போன் கம்பெனியில் உன்னோடு ஒரே லைனில் நின்றவர் என்பதால் அவரை மட்டும் நம்புகிறேன். அவருடைய அம்மா வீடு மாலூரில் உன் தெருவுக்கு அடுத்த தெருவாம். ஞாயிற்றுக்கிழமை போகும்போது கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். நீ எங்கேயோ தூரத்தில் இருக்கிறாய் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன். மாலூர் இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்தானாம். அது தெரிந்த பிறகு பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போதெல்லாம் கன்னடத்தில் போர்டு போட்ட பஸ்களைப் பார்க்கிறேன். நீதான் எனக்கு அந்த எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தாய். ‘மா’ மட்டும் தெரிகிறது. அதோடு பார்வையைத் திருப்பிக்கொள்கிறேன்.

நீ கௌதமோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டு ஒரு வருடம் மூன்று மாதம் ஆகிறது. அன்றைக்கு அப்பா கத்தவில்லை. பீரோவைத் திறந்து உன் துணிகளை எல்லாம் எடுத்து, நீலக் கட்டம் போட்ட பெட்ஷீட்டில் மூட்டையாகக் கட்டினார். அடுத்த முறை மாதா கோயிலில் ஏழைகளுக்குத் துணி கேட்கும்போது இது போக வேண்டும் என்று சொல்லிப் பரணில் ஏற்றினார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, “அவகூட யாராச்சும் பேசுனீகன்னு தெரிஞ்சுச்சு, இவ படிப்ப நிப்பாட்டி தேவகோட்டைல எங்க அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுருவேன்” என்றார். அம்மாவுடைய போனையும் மாற்றிவிட்டார். எனக்கு மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. உன் மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது, இப்போது இல்லை.

இப்போது போர்வை விஷயம். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பர்கூர் பக்கம் கல் குவாரிகளில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கி வேலை பார்க்கிற குடும்பங்களுக்கு, குளிருக்கு ஒட்டுப்போர்வை தைத்துக் கொடுக்க நம் கோயில் குடும்பங்கள் கூடும் அன்பியத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். தைப்பது நாங்கள் பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு இரண்டு, மொத்தம் இருபத்து நான்கு. டிசம்பர் ஏழாம் தேதி கொண்டுபோகிறார்கள். கார்மென்ட்ஸில் அம்மா கேட்டு வாங்கிவந்த கட்டிங் துணி மூன்று சாக்கு நம் வீட்டில் இருக்கிறது. நடுவீட்டில் ஹோலி விளையாடியது போல ஒரே கலர். சதுரமாக வெட்டி இணைத்து மேல் பக்கம், நடுவில் பழைய சேலை இரண்டு மடிப்பு, அடியில் கெட்டித் துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டு, கடைசியில் சுற்றிலும் பட்டி வைத்து மூலையை முடிக்க வேண்டும். சுமலதா அக்கா இதைத் தெலுங்கில் பொந்த என்கிறார்.

உடுத்திய துணி மேல் பக்கத்தில் வரவே கூடாது என்று ஃபாதர் சொல்லிவிட்டார். பழைய துணி மூட்டையும் இனிமேல் வாங்கப்போவதில்லையாம். அதனால் உன் மூட்டை பரணிலேயே இருந்தது. அம்மா ஒரு போர்வை, நான் ஒரு போர்வை என்று பிரித்துக்கொண்டோம். எனக்கு மிஷின் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது நீதானே. பள்ளி விட்டு வந்ததும், அம்மாவும் அப்பாவும் வருவதற்குள் எனக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு நாள் நான் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். மூட்டையை அவிழ்த்தேன். உன் பவுடர் வாசனை வந்தது. சிறிது நேரம் அங்கேயே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கத்திரியை எடுத்தேன்.

நாற்பத்தெட்டுக் கட்டம். அதில் ஒன்பது உன்னுடையது. முதல் நாள் வேலைக்குப் போட்டுப்போன பச்சை சுடிதாரிலிருந்து மூன்று. பிளஸ் டூ யூனிஃபார்மிலிருந்து இரண்டு. நாம் மொட்டைமாடியில் கூடாரம் போட்டு விளையாடின ரோஜா நிறத் துப்பட்டாவிலிருந்து ஒன்று. மீதி மூன்றும் மஞ்சள் கவுன். சிவப்புப் புள்ளி போட்டது. அப்பாவுக்கு வேலை நிரந்தரமான வருடம், கிறிஸ்துமஸுக்கு அவரே போய்த் துணி எடுத்துவந்தாரே. அம்மா ஒரே துணியில் இரண்டு பேருக்கும் தைத்தாள். பூசை முடிந்ததும் அப்பா நம் இரண்டு பேரையும் வண்டியில் முன்னும் பின்னும் உட்காரவைத்து ரோஜாத் தோட்டங்கள் இருக்கிற ரோட்டில் கூட்டிப்போனார். நீ கைகளை விரித்துக்கொண்டு கத்தினாய். அப்பாவும் கத்தினார். அப்பா கத்தி நாம் சிரித்த நாள் அது. என் கவுனை எலி கடித்துவிட்டது. உன்னுடையதை நீ பத்திரமாக வைத்திருந்தாய்.

யாருக்கும் தெரியக்கூடாது என்று ஒன்பது கட்டத்தையும் உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பிப்போட்டுத் தைத்திருக்கிறேன். கலர் மங்கலாகத் தெரிகிறது. மற்ற துணிகளோடு கலந்துவிட்டது. உற்றுப் பார்த்தாலும் தெரியாது.

இந்தப் போர்வை உன் குழந்தைக்கு வர வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் நம் வீட்டுப் பங்கு இரண்டு. வேனில் ஏற்றும்போது எண்ணுகிறவர் அப்பா. ஒன்று குறைந்தால் ஏன் என்று கேட்பார். அதனால் இது பர்கூருக்குத்தான் போகும். யாரோ ஒரு குழந்தை உன் கவுனைப் போர்த்திக்கொண்டு தூங்கும். மூட்டையாகக் கிடப்பதற்கு அது பரவாயில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீ பதில் எழுதாதே. சுமலதா அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. போதும்.

உன் நினைவாகவே இருக்கும்,
ப்ரீதா


ஓசூர்
டிசம்பர் 6, சனிக்கிழமை இரவு

அன்புள்ள அக்கா,

நீ சொல்லி அனுப்பியது கிடைத்தது. கடிதத்தைப் படித்துவிட்டு அழுதாய் என்றும், அழுகையை நிறுத்தாமலே தட்டில் இருந்த நிப்பட்டை எல்லாம் தின்று முடித்தாய் என்றும் சுமலதா அக்கா சொன்னார். “கணக்குல கோட்டை விட்டுட்டு என்னச் சாக்கு சொல்லாதடின்னு சொல்லச் சொன்னா” என்றார். உன் குரலிலேயே சொன்னார். அரையாண்டுக் கணக்குத் தேர்வு பதினேழாம் தேதி. நான் எழுதுவேனா என்று இப்போது தெரியவில்லை.

இன்று ஒன்று நடந்துவிட்டது. அப்பா வீட்டில்தான் இருக்கிறார், அடுத்த அறையில் இருமிக்கொண்டிருக்கிறார். சுருக்கமாக எழுதிவிடுகிறேன்.

இன்று மதியம் கோயில் ஹாலில் எல்லாப் போர்வைகளையும் சேர்த்தார்கள். அம்மாவைத்தான் செக் பண்ணச் சொன்னார்கள். பத்து வருடமாக அவள் கார்மென்ட்ஸில் செக்கர் ஆயிற்றே. கம்பெனியில் செய்வது போலவே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருளை இடது மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தப்பு இருக்கிற இடத்தில் அம்பு. அம்பு வாங்கின பீஸ் ஆல்டருக்கு, தைத்தவரே பிரித்துச் சரிசெய்து கொடுக்க வேண்டும். சுத்தமானது மட்டும் ஷிப்மென்டுக்கு. நாம் பள்ளிக்கூடம் கிளம்பும்போது நம் யூனிஃபார்மையும் அப்படித்தானே பார்ப்பாள். உன் முதுகில் ஒரு நாள் அம்போடு நீ ஸ்கூலுக்குப் போய் வந்தது ஞாபகம் இருக்கிறதா?

பக்கத்துத் தெரு காளியம்மாள் அக்கா அன்பியம் இல்லையென்றாலும் தையலுக்கு உதவ வந்திருந்தார். அவருடைய போர்வையில் இரண்டு அம்பு விழுந்ததும், “என்னா பவுலினாக்கா, இதெல்லாம் அமெரிக்காவுக்கா போவுது? பர்கூருல கல்லு மேல விரிக்கப்போறாங்கோ. இதுக்குப் போயி அம்பு வுட்டுக்கினு கீற” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா நிமிரவில்லை. “கல்லு மேல படுக்குறவுகளுக்குத்தான் தையல் கெட்டியா இருக்கணும். பிரி, பிரி” என்றாள். காளியம்மாள் அக்கா முணுமுணுத்துக்கொண்டே பிரித்தார்.

பிறகு என்னுடையது. அம்மா மடியில் விரித்தாள். விரல் வரிசையாக ஓடி வந்தது. மூன்றாவது வரிசையில் நின்றது. அக்கா, நான் எவ்வளவு முட்டாள் பார். துணி உல்டாவாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் செக்கருடைய முதல் வேலை. அதைத்தான் மறைப்பதற்கு என்று நான் செய்துவைத்திருக்கிறேன். ஊரில் யாரை வேண்டுமானாலும் அப்படி ஏமாற்றலாம், நம் அம்மாவை ஏமாற்ற முடியுமா?

அவள் அந்தக் கட்டத்தின் ஓரத் தையலை நகத்தால் லேசாக விலக்கி மறுபக்கத்தைப் பார்த்தாள். மஞ்சள். சிவப்புப் புள்ளி. முகம் மாறவே இல்லை. ஓர் அம்பு ஒட்டினாள். அடுத்தது பச்சை. ஓர் அம்பு. ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போனாள். நான் எண்ணினேன். ஒன்பது. என் தையல் ஓர் இடத்தில் நிஜமாகவே கோணல், அதற்கு அம்பு இல்லை. உன் துணிக்கு மட்டும்தான்.

“என்னா, நம்ம பாப்பாவோடதுல இத்தன அம்பா?” என்றார் காளியம்மாள் அக்கா.

“உல்டாவா வச்சுப்புட்டா. ஆல்டர்” என்று சொல்லி, மேல் பக்கம் உள்ளே போகும்படி மடித்துத் தன் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு அப்பா வேனோடு வந்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே எண்ணினார். இருபத்து மூன்றில் நின்றது. “ஒன்னு குறையுதே?” என்றார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். அம்மா, “இவ தச்சது சரியில்ல. ஆல்டர்ல இருக்கு. அதுக்குப் பதில் ஒன்னு அடுத்த வாரம் குடுத்துருவோம்” என்றாள். அப்பா என்னைப் பார்த்து, “பரீட்ச இருக்க புள்ளய மிஷின்ல உக்கார வச்சா அப்புடித்தான் இருக்கும்” என்றார். அவ்வளவுதான். வேன் போய்விட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போர்வையை எங்கே வைத்தாள் என்றும் தெரியவில்லை. இரவு எனக்குத் தோசை வைத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவிடம் எப்போது சொல்வாள்? நாளை பர்கூர் போய் வந்த பிறகா? இது உன் கைக்கு வரும்போது நான் தேவகோட்டையில் இருக்கலாம். அப்படி ஆகிவிட்டால் கணக்கில் கோட்டைவிட்டேன் என்று நினைக்காதே.

அப்படி ஆவதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீ போன அன்று விடியற்காலையில் நான் தூங்கவில்லை. எப்போதும் நாம் ஒரே போர்வைக்கு அடித்துக்கொள்வோம். நீ இழுத்தால் என் கால் வெளியே, நான் இழுத்தால் உன் முதுகு வெளியே. அன்று நீ உன் பாதியையும் என் மேல் போட்டு, கழுத்து வரை இழுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாய். கண்ணைத் திறந்தால் நீ போகமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஏனோ திறக்கவில்லை. நீ போக வேண்டும் என்று நினைத்தேனா, பயந்தேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை. அந்தப் போர்வை அன்று பெரிதாக இருந்தது அக்கா.

அப்பா எழுந்துவிட்டார் போல. நிறுத்துகிறேன்.

ப்ரீதா


ஓசூர்
டிசம்பர் 13, சனிக்கிழமை இரவு

அன்புள்ள அக்கா,

நான் தேவகோட்டைக்குப் போகவில்லை. இங்கேதான் இருக்கிறேன். அதை முதலில் படித்து மூச்சுவிட்டுக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை பர்கூருக்கு நானும் போனேன். அங்கே மரம், கொட்டகை, நாய்க்குட்டி எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகக் கல் தூசி. ஒடிசாவிலிருந்து வந்தவர்கள்தான் அதிகம். போர்வைகளைப் பாறை மேல் விரித்துவைத்தபோது அந்த இடமே வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒரு குட்டிப் பெண் எதை எடுப்பது என்று தெரியாமல் ஒவ்வொன்றின் மேலும் போய் உட்கார்ந்து பார்த்தாள். கடைசியில் காளியம்மாள் அக்காவுடையதை எடுத்தாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தியா, ரெண்டு அம்பு வாங்கனதுதான் மொதல்ல போச்சு” என்று வேனில் திரும்பும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அங்கே ஒருவருக்கு வயிறு பெரிதாக இருந்தது. உன் வயதுதான் இருக்கும். அம்மா அவர் கையில் போர்வையைக் கொடுத்துவிட்டு அந்தக் கையை விடாமல் நின்றாள். இரண்டு பேருக்கும் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. அம்மா தமிழில் எத்தனை மாதம் என்று கேட்டாள். அவர் விரலை விரித்துக் காட்டினார். எட்டு. அம்மா அவர் தலையைத் தடவிவிட்டு வேனில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். கிருஷ்ணகிரி தாண்டி, குருபரப்பள்ளி தாண்டி, சூளகிரி வரும்வரை வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் அம்மா வேலை முடிந்து வந்ததும் மிஷினில் உட்கார்ந்தாள். கட்டிங் துணியிலேயே புதிதாக ஒரு போர்வை தைத்து, புதன்கிழமை ஃபாதரிடம் கொடுத்துவிட்டாள். குவாரிக் கணக்கு இருபத்து நான்கு சரியாகிவிட்டது. என் போர்வையைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் பள்ளியில் எந்தப் பாடத்தையும் கவனிக்கவில்லை. வாசலில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டாலே புத்தகத்தை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அப்பா கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தையும் குடில் பெட்டியையும் எடுக்க ஸ்டூல் போட்டுப் பரணில் பார்த்தார். இதை நான் யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு டிசம்பரும் எடுப்பதுதானே, எப்படி மறந்தேன்? பெட்ஷீட் மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மூட்டை இல்லை. நான் மீதி வைத்திருந்த துணிகளும் இல்லை. அம்மாதான் எடுத்திருக்கிறாள்.

“மூட்ட எங்க?” என்றார் அப்பா.

“போயிருச்சு. நீங்கதான ஏழைகளுக்குக் குடுக்கச் சொன்னீக” என்றாள் அம்மா, மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே.

அப்பா ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. கையில் நட்சத்திரம். “எல்லாமா?” என்றார்.

“எல்லாந்தான்.”

“அந்த மஞ்சக் கவுனுமா?”

அம்மா எண்ணெய்க் குப்பியை மூடினாள். மெதுவாக, “அதுந்தான்” என்றாள்.

அப்பா இறங்கி வெளியே போய், காலையில்தான் துடைத்த வண்டியை மறுபடி துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். நட்சத்திரத்தை மறுநாள்தான் கட்டினார். ஒயர் கனெக்ஷன் எப்போதும் நீதான் கொடுப்பாய். அவர் அரை மணி நேரம் போராடி, என்னைத் திட்டி, டேப்பைக் கடித்துச் சுற்றினார். நட்சத்திரம் எரிகிறது. விட்டு விட்டு எரிகிறது. இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தேவகோட்டை பற்றிச் சொன்ன வார்த்தையை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இன்னும் பயம்தான்.

இன்று சாயங்காலம் அப்பா இரண்டாவது ஷிப்டுக்குப் போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள். கட்டில் மெத்தைக்கு அடியிலிருந்து போர்வையை எடுத்து விரித்தாள்.

அக்கா, ஒன்பது கட்டத்தையும் பிரித்துத் திருப்பித் தைத்திருக்கிறாள். எல்லாம் நல்ல பக்கம். அந்த மஞ்சள் அவ்வளவு பளிச்சென்று இருந்தது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பச்சை, யூனிஃபார்ம் நீலம், துப்பட்டா ரோஜா, எல்லாம் தனித்தனியாகத் தெரிகிறது. எத்தனை தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். நடு மடிப்புக்கு நான் வைத்திருந்த பழைய சேலையையும் எடுத்துவிட்டு, உன் மீதித் துணிகளைத்தான் உள்ளே பரப்பியிருக்கிறாள். அம்பு ஒன்றுகூட இல்லை.

நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். “உல்டான்னா உல்டாதான். துணி வாங்குற எந்தப் பையரா இருந்தாலும் மூஞ்சில விட்டெறிஞ்சிருப்பான். சுமலதா காலைல எத்தன மணி பஸ்ஸுக்குப் போறா?” என்றாள்.

ஏழு மணிக்கு என்றேன். அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து இரண்டு புது பேட்டரி எடுத்து என் கையில் வைத்தாள். “அந்த டார்ச் மங்கிப்போச்சு. இருட்டுல எழுதிக் கண்ணக் கெடுத்துக்காத” என்றாள். முதல் கடிதத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் டார்ச்சை அணைத்துக்கொண்டு பயந்த நேரமெல்லாம் அவள் தூங்கவே இல்லை.

நீங்களும் ஒரு வரி எழுதுங்கள் அம்மா என்று நோட்டை நீட்டினேன். வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திருப்பிக் கொடுத்துவிட்டாள். சொல்கிறேன், எழுதிக்கொள் என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“மொதத் தடவ தனியா ஊறப்போடச் சொல்லு. சிவப்புப் புள்ளி சாயம் போகும். வெயில்ல உள்பக்கம் மேல இருக்கணும், இல்லேன்னா வெளுத்துரும். புள்ளைக்கு மூஞ்சி வரைக்கும் போத்த வேணாம், நெஞ்சு வரைக்கும் போதும். சானமாவு காட்டுப் பக்கமெல்லாம் யானை வந்திருக்காம், அந்தப் பையன ராத்திரி ஷிப்ட் முடிச்சு அந்த ரோட்டுல தனியா வண்டியில வரவேணாமுன்னு சொல்லு.”

அந்தப் பையன் என்று அவள் கௌதம் அத்தானைத்தான் சொன்னாள். ஒரு வருடத்தில் முதல் முறையாக அவரைப் பற்றிப் பேசியிருக்கிறாள். நானும் முதல் முறையாக அத்தான் என்று எழுதிவிட்டேன். கை கொஞ்சம் கூசுகிறது.

போர்வையை மடிக்கும்போதுதான் பார்த்தேன். மூன்று மூலையில் பட்டி சுற்றி முடித்திருக்கிறது. நாலாவது மூலை ஒரு சாண் அளவுக்குத் திறந்தே இருக்கிறது. உள்ளே இருக்கிற உன் துணி தெரிகிறது. நூலையும் அறுக்காமல் நீளமாக விட்டிருக்கிறாள். செக்கர் வீட்டிலிருந்து இப்படி ஒரு பீஸ் வெளியே போகலாமா என்று கேட்டேன். ஐந்து நிமிடத்தில் நானே முடித்துவிடுகிறேன் என்று ஊசியையும் எடுத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

“ஆல்டர் இன்னும் முடியல. அங்க யாரும் அந்த மூலையத் தைக்க வேணாமுன்னு எழுது. அவுக வீட்டுல நல்லாத் தைப்பாகளா இருக்கும். இருந்தாலும் வேணாம். புள்ளைக்குத் தல நின்னதும் இங்க வரட்டும். மிஷினு இங்கதான இருக்கு.”

அப்பா கேட்டால் என்ன சொல்வது என்றேன். “ஆல்டர் பீஸு தச்ச எடத்துக்குத் திரும்பி வராம எங்க போகும்?” என்றாள். அதற்குப் பிறகு விளக்கை அணைத்துப் படுத்துவிட்டாள். தூங்குகிறாளா என்று தெரியவில்லை. இந்த முறை டார்ச்சை நான் அணைக்கவில்லை.

மாதா உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் அத்தானையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். ஜனவரிக் குளிர் மோசமாக இருக்கும் என்கிறார்கள். இதை நன்றாகப் போர்த்திக்கொள், இரண்டு பாதியும் உனக்குத்தான். அந்த மூலையை மட்டும் அப்படியே விட்டுவிடு. தலை நின்றதும் வரட்டும் என்று அம்மா சொன்னாளே தவிர, யார் கொண்டுவர வேண்டும் என்று சொல்லவில்லை. போர்வை தானாகப் பஸ் ஏறி வராது, அக்கா.

உன் தங்கை, உன் குழந்தையின் சித்தி,
ப்ரீதா